‘சொன்னார்’ வேறு, ‘சொல்லுவார்’ வேறு



இது நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். 33 வருஷம் இங்கிலீஷ் டீச்சராகச் சம்பளம் வாங்கியவள் இன்றைக்கு இங்கிலீஷின் பேரில் ஒரு வழக்குப் போடப் போகிறேன். பேச்சு ஸ்பானிஷ் இலக்கணத்தில் தொடங்கும். “ஆச்சிக்கு வயசான காலத்தில் வேறு வேலை இல்லை” என்று பாதியில் போய்விடாதீர்கள். கடைசியில் அது நம்ம ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவில் வந்து நிற்கும்.

டெக்சாஸில் இருக்கிற என் பேத்தி பள்ளியில் ஸ்பானிஷ் படிக்கிறாள். அவள் தொடங்கியபோது நானும் தொடங்கினேன். ஞாயிறுதோறும் வீடியோவில் அவள் வீட்டுப்பாடம் செய்வாள், நான் கூடவே நோட்டில் எழுதுவேன். இப்போது நாலு வருஷம் ஆகிவிட்டது. பேசச் சொன்னால் திக்குவேன். படித்தால் புரியும். இலக்கணம் மட்டும் பழைய பழக்கத்தில் சீக்கிரம் ஏறிவிடுகிறது.

போன மாதம் அவளுக்கு ஒரு கட்டுரை கொடுத்திருந்தார்கள். இப்போது நம்மோடு இல்லாத ஒருவரைப் பற்றிப் பத்து வாக்கியம். அவள் தாத்தாவைப் பற்றி எழுதினாள். ‘மி அபுவேலோ மே கொன்தோ குவென்தோஸ்’ என்பது முதல் வாக்கியம். என் தாத்தா எனக்குக் கதை சொன்னார். எழுத்துப் பிழை கிடையாது. வினையின் விகுதியும் சரி. ஆனால் பத்து வாக்கியத்தில் ஏழில் சிவப்பு வட்டம். முதல் வட்டத்தின் பக்கத்தில் அந்த ஆசிரியை ஒரு கேள்வி எழுதியிருந்தார்: “ஒரு தடவையா, வழக்கமாகவா?”

பேத்திக்கு அழுகை. மதிப்பெண் போனதற்காக இல்லை. “நான் தாத்தா பத்தி எழுதினது எல்லாமே தப்பாம் ஆச்சி” என்றாள்.

அவள் எங்கே தடுக்கினாள் என்று பார்க்க, பள்ளியில் கொடுத்த தாளைக் காட்டச் சொன்னேன். இரண்டு பத்தி போட்ட அட்டவணை. இங்கிலீஷில் ‘யூஸ்டு டூ’ வந்தால் இந்தக் காலம், ‘வாஸ்’ சேர்ந்து ‘இங்’ வந்தால் இந்தக் காலம், வெறும் ‘எட்’ வந்தால் அந்தக் காலம். கீழே அடையாளச் சொற்கள்: எப்போதும், தினமும் என்றால் இது, நேற்று, ஒரு தடவை என்றால் அது. பிள்ளை அந்தத் தாளுக்கு அட்சரம் பிசகாமல் கீழ்ப்படிந்திருக்கிறது. அவள் மனதில் இங்கிலீஷில் ஓடிய வாக்கியம் ‘மை கிராண்ட்ஃபாதர் டோல்டு மீ ஸ்டோரீஸ்’. அதில் ‘யூஸ்டு டூ’ இல்லை. ‘எவ்ரி டே’ இல்லை. அதனால் ‘கொன்தோ’ போட்டாள். தாள் சொன்னபடிதான் செய்தாள். தாள்தான் அவளைக் கைவிட்டது.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். “அதைத் தமிழில் சொல்லு.”

“தாத்தா எனக்குக் கதை சொல்லுவாங்க.”

“‘சொன்னாங்க’ன்னு ஏன் சொல்லலை?”

ஒரு நிமிஷம் யோசித்தாள். “சொன்னாங்கன்னா ஒரு நாள் சொன்ன மாதிரி இருக்கு ஆச்சி.”

பிள்ளைகளா, ஸ்பானிஷ் இலக்கணத்தில் வெளிநாட்டு மாணவர்கள் வருஷக்கணக்கில் முட்டிக்கொள்ளும் இடம் இது. அங்கே பிறந்து, தமிழ் எழுதக்கூட வராத அந்தப் பிள்ளையின் நாக்கில் அது ஏற்கெனவே இருந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை. அதுதான் என் வழக்கு.

இனிக் கொஞ்சம் பாடம். பழைய நோட்டு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பானிஷில் நடந்து முடிந்ததைச் சொல்ல முக்கியமாக இரண்டு வடிவங்கள். ஒன்று, ஒரு செயலை முழுசாக, தொடக்கமும் முடிவும் சேர்த்து, ஒரு பொட்டலமாகக் கட்டித் தருவது. ‘கொமீ’ என்றால் சாப்பிட்டேன், முடிந்தது. இன்னொன்று, செயலை உள்ளேயிருந்து பார்ப்பது. எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்ற கவலை அதற்கு இல்லை. ‘கொமீயா’ என்றால் சாப்பிடுவேன், அல்லது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பழைய நாளின் வழக்கத்தைச் சொல்ல இந்த இரண்டாவது வடிவம்தான். இங்கிலீஷ் புத்தகங்கள் இதை ‘இம்பர்ஃபெக்ட்’ என்கின்றன. பேரைக் கேட்டு ஏதோ குறையுள்ள காலம் என்று நினைக்க வேண்டாம். 1492-இல் ஸ்பானிஷுக்கு இலக்கணம் எழுதிய நெப்ரிஹா இதற்கு ‘முடியாத இறந்தகாலம்’ என்ற பொருளில்தான் பேர் வைத்தார்.

வடிவம் படிக்க இதைவிடச் சுலபமான காலம் அந்த மொழியில் இல்லை. ‘ஆர்’ என்று முடியும் வினைகளுக்கு ஆபா, ஆபாஸ், ஆபா, ஆபமோஸ், ஆபாய்ஸ், ஆபான். ‘ஏர்’, ‘ஈர்’ என்று முடிபவற்றுக்கு ஈயா, ஈயாஸ், ஈயா, ஈயமோஸ், ஈயாய்ஸ், ஈயான். விதிக்கு அடங்காத வினைகள் மொத்தமே மூன்று. இருத்தலைச் சொல்லும் ‘செர்’ ஏரா ஆகும். போதலைச் சொல்லும் ‘ஈர்’ ஈபா ஆகும். பார்த்தலைச் சொல்லும் ‘பேர்’ பேயீயா ஆகும். அவ்வளவுதான். ஒரே ஒரு எச்சரிக்கை: நான் என்பதற்கும் அவர் என்பதற்கும் ஒரே வடிவம். ‘ஆப்லாபா’ என்றால் நான் பேசுவேன் என்றும் ஆகும், அவர் பேசுவார் என்றும் ஆகும். குழப்பம் வரும் இடத்தில் யார் என்று சொல்லிவிட வேண்டும். இதையெல்லாம் ஒரு மத்தியானத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். எந்த இடத்தில் எதைப் போடுவது என்பதில்தான் பிள்ளைகள் விழுகிறார்கள்.

ஏன் விழுகிறார்கள்? வழி கேட்கப் போன ஆளுக்கே வழி தெரியாது. இங்கிலீஷின் சாதாரண இறந்தகாலம் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டு வைத்திருக்கிறது. ‘வீ வென்ட் டு தி ரிவர்’ என்றால் நேற்று ஒரு நாள் போனதும் அதுதான், பத்து வருஷம் தினமும் போனதும் அதுதான். கேட்பவர் சூழ்நிலை பார்த்துப் புரிந்துகொள்கிறார். ஸ்பானிஷ் அப்படி விடாது. ஒரு நாள் போனால் ‘ஃபுயிமோஸ்’. போவது வழக்கம் என்றால் ‘ஈபமோஸ்’. வாயைத் திறப்பதற்கு முன்பே தீர்மானம் பண்ணியாக வேண்டும்.

‘யூஸ்டு டூ’ இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் அதற்கு ஒரு வால் உண்டு. ‘இப்போது அப்படி இல்லை’ என்ற குறிப்பு அதில் ஒட்டிக்கொண்டு வரும். ‘ஷீ யூஸ்டு டு லிவ் இன் மதுரை’ என்றால் இப்போது அங்கே இல்லை போலிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வோம். ஸ்பானிஷ் வடிவத்துக்கு அந்த வால் கட்டாயம் இல்லை. அன்றைக்கு வழக்கம் அது. இன்றைக்கும் தொடர்ந்தாலும் தொடரலாம். ஆகவே இரண்டும் ஒன்றல்ல.

அடுத்தது ‘வுட்’. பழைய வழக்கத்தைச் சொல்ல இங்கிலீஷில் அழகான வழி அது. ‘எவ்ரி சம்மர் வீ வுட் கோ டு தி ரிவர்.’ இதை அப்படியே ஸ்பானிஷுக்குக் கொண்டுபோகிற பிள்ளை ‘இரீயமோஸ்’ என்று எழுதும். ஏனென்றால் அதன் அகராதியில் ‘வுட்’ என்பதற்கு நேர் அதுதான். ஆனால் ‘இரீயமோஸ்’ என்றால் ‘நேரம் இருந்தால் போவோமே’ என்கிற மாதிரி, நடக்காத காரியம். பாட்டி வீட்டுக்கு வருஷாவருஷம் போன பிள்ளை, போகவே இல்லாத மாதிரி எழுதிவிட்டு வரும்.

இப்போது நம் பக்கம் வாருங்கள். பள்ளிக்கூடத்தில் நாம் என்ன படித்தோம்? போனோம், இறந்தகாலம். போகிறோம், நிகழ்காலம். போவோம், எதிர்காலம். மூன்று பெட்டி, மூன்று சீட்டு. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது என்ன சொல்கிறோம்? “அப்பல்லாம் வெள்ளனே எந்திரிச்சு ஆத்துக்குப் போவோம். ஆச்சி ஈரத்துணியோட முன்னால நடப்பாக. நாங்க பின்னால ஓடுவோம். வீட்டுக்கு வந்தா பழைய சோறு பிசைஞ்சு உருட்டித் தருவாக.” இதில் ஒரு வினையாவது நாளைக்கு நடக்கப் போவதா? எல்லாம் அறுபது வருஷத்துக்கு முந்தின காலை. ஆச்சி இல்லை, அந்தப் படித்துறையும் பழையபடி இல்லை. ஆனாலும் ‘போவோம், நடப்பாக, தருவாக’ என்றுதான் சொல்கிறோம். “ஆத்துக்குப் போனோம்” என்று தொடங்கினால், “சரி, அன்னைக்கு என்ன ஆச்சு?” என்று எதிரே இருப்பவர் கேட்பார். ஒருநாள் சங்கதி வரப்போகிறது என்று காத்திருப்பார்.

அந்தத் திண்ணைப் பேச்சை ஸ்பானிஷுக்கு மாற்றினால் வினைகள் ஒவ்வொன்றும் ஆபா, ஈயா என்று தானாக வந்து உட்காரும். எதிர்மறையும் அப்படியே. “அப்பா வீட்டில் அதிகம் பேசமாட்டார்” என்போம். அது ‘நோ ஆப்லாபா’. “பேசவில்லை” என்றால் அன்றைக்கு ஏதோ கோபம். அது ‘நோ ஆப்லோ’. “போவது வழக்கம்” என்று அழுத்திச் சொல்வதற்கு ‘சொலேர்’ என்றே ஒரு வினை வைத்திருக்கிறார்கள். ‘சொலீயா ஈர்’ என்றால் போவது வழக்கமாக இருந்தது. வழக்கம் என்பதற்கே தனி வினை வைத்திருக்கும் மொழி அது. நமக்கும் அதற்கும் இவ்வளவு ஒட்டு இருக்கும்போது நடுவில் எதற்கு ஒரு தரகர்?

இது கொச்சைப் பேச்சு, இலக்கணம் ஏற்காது என்று சில தமிழாசிரியர்களே என்னிடம் சொன்னதுண்டு. அவர்கள் நன்னூலை இன்னொரு முறை திறக்க வேண்டும். ஒரு காலத்துக்குரிய சொல் இன்னொரு காலத்தில் வருவதற்குப் பவணந்தியார் நாலு காரணம் சொல்கிறார்: விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு. முன்னொரு காலத்தில் வழக்கமாக விளையாடிய இடத்தைக் காட்டிப் பேசுகிற பேச்சு அந்த நாலாவது காரணத்தில்தான் அடங்கும். கால வழுவமைதி என்று பேர். ஆக, ஆச்சியின் திண்ணைப் பேச்சுக்கு இலக்கணத்தின் கையெழுத்து எப்போதோ கிடைத்துவிட்டது.

நியாயமாகச் சண்டை போட வேண்டும். அதனால் என் பக்கத்து ஓட்டைகளையும் நானே சொல்கிறேன். தமிழில் ‘வேன், வோம்’ வரும் இடமெல்லாம் ஸ்பானிஷில் இந்தக் காலம் என்று கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது. நாளை நடக்கப்போவதும் நமக்கு ‘போவோம்’தான். இறந்தகாலக் கதைக்குள் மட்டும்தான் இந்தச் சூத்திரம். மறுபக்கமும் உண்டு. ஸ்பானிஷின் ஒரே வடிவத்துக்குத் தமிழில் நாம் மூன்று விதமாகச் சொல்கிறோம். வழக்கம் என்றால் ‘படிப்பேன்’. அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்தது என்றால் ‘படித்துக்கொண்டிருந்தேன்’. நிலைமையைச் சொன்னால் ‘எனக்குப் பத்து வயசு இருந்தது, மணி அஞ்சு இருக்கும், வீடு சின்னது’. ஸ்பானிஷில் வயசும் மணியும் வீட்டின் அளவும் இதே காலத்தில்தான் வரும். இந்த மூன்றையும் பிள்ளைக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று, பலமுறை நடந்தாலே வழக்கம் ஆகிவிடாது. “மூணு தடவை போனேன்” என்று எண்ணிக்கை சொல்லி மூடிவிட்டால் ‘ஃபுயி’தான். “அஞ்சு வருஷம் அங்கே வேலை பார்த்தேன்” என்று கணக்கு முடித்தாலும் முடிந்த காலம்தான், அந்த அஞ்சு வருஷமும் தினமும் வேலைக்குப் போயிருந்தாலும். “அந்தக் கோடையில் தினமும் கடற்கரைக்குப் போனோம்” என்று ஒரு கோடையை மொத்தமாகக் கட்டி வைத்தால் ‘தினமும்’ என்ற சொல் இருந்தும் ‘ஃபுயிமோஸ்’ வரலாம். பள்ளித் தாளின் அடையாளச் சொல் பட்டியல் இங்கே தலைகுப்புற விழுகிறது. தமிழ்க் காதைக் கேட்டுப் பாருங்கள். “மூணு தடவை போவேன்” என்று பழைய கதையில் சொல்வோமா? “நான் அங்க அஞ்சு வருஷம் வேலை பார்ப்பேன்” என்போமா? மாட்டோம். தாளுக்குத் தெரியாதது காதுக்குத் தெரிகிறது.

இதைக் குடும்பக் குழுவில் நான் போட்டபோது மூன்று எதிர்ப்பு வந்தது. பதில் சொல்லிவிடுகிறேன்.

“எல்லாப் புத்தகமும் இங்கிலீஷில்தானே இருக்கு, வேற வழி என்ன?” என்றான் என் மகன். புத்தகம் இங்கிலீஷில் இருக்கட்டும் ராசா. மூளை எதில் இருக்கிறது? விளக்கத்தை இங்கிலீஷில் படி. வாக்கியத்தை மட்டும் தமிழில் ஒரு தரம் சொல்லிப் பார். அதற்குப் பத்து வினாடி போதும்.

“நேராக ஸ்பானிஷிலேயே யோசிக்கப் பழக்க வேண்டும், எந்த மொழியும் நடுவில் கூடாது” என்றாள் சென்னையில் பள்ளி நடத்துகிற என் ஒன்றுவிட்ட தங்கை. கேட்க நன்றாக இருக்கிறது. அங்கேயே பிறந்து, காது முழுக்க அந்த மொழியைக் கேட்டு வளர்கிற குழந்தைக்குச் சரி. வாரத்தில் சில மணி நேரம் வகுப்பில் உட்காருகிற பிள்ளை எதையாவது பிடித்துக்கொண்டுதான் ஏறும். நடுவில் மொழியே கூடாது என்று சொல்கிற பள்ளிகளிலும் ‘யூஸ்டு டூ’ தாள் பையில் இருக்கத்தான் செய்கிறது. வெளியே தள்ளப்படுவது பிள்ளையின் வீட்டு மொழி மட்டும்தான்.

“அங்கே வளரும் பிள்ளைக்குத் தமிழே அரைகுறை, அதை வைத்து என்ன ஸ்பானிஷ்?” என்றார் ஒரு பெரியவர். ஐயா, அரைகுறைத் தமிழிலேயே அவள் ‘சொல்லுவாங்க’ என்று சரியாகச் சொன்னாள். அவள் அதை ஆனா ஆவன்னா படித்துக் கற்கவில்லை. தாத்தாவும் நானும் பழைய கதை பேசுவதை கேட்டுக் கற்றாள். அந்தத் தமிழ் ஒரு மதிப்பெண்ணாவது வாங்கித் தரும் என்று தெரிந்தால் அவளுக்கும் அதன் மேல் ஒரு மரியாதை வரும்.

தன் மொழியைத் தன் திண்ணையிலிருந்து பார்க்க வேண்டும் என்று சண்டை போட்ட பெரியவர் ஸ்பானிஷிலேயே இருக்கிறார். ஆந்த்ரேஸ் பேயோ என்று பேர். கராகஸில் 1781-இல் பிறந்து, லண்டனில் பல வருஷம் இருந்து, சிலியில் போய்த் தங்கியவர். 1847-இல் ஓர் இலக்கணம் எழுதினார். அது அமெரிக்கக் கண்டத்தில் ஸ்பானிஷ் பேசுகிறவர்களின் உபயோகத்துக்கு என்று தலைப்பிலேயே போட்டார். லத்தீனின் சட்டையை எடுத்து ஸ்பானிஷுக்கு மாட்டக் கூடாது என்பது அவர் கட்சி. நாம் பேசிக்கொண்டிருக்கிற இந்தக் காலத்துக்கு அவர் வைத்த பேர் ‘கோப்ரெதேரிதோ’. இன்னொரு பழைய செயலோடு கூடவே இருந்த பழசு, உடனிறந்தகாலம் என்று தமிழில் சொல்லலாம். மெக்சிகோவின் பள்ளிப் புத்தகங்களில் அந்தப் பேர் வழங்குகிறது. லத்தீன் கண்ணாடியைக் கழற்று என்று அவர் சொன்னார். இங்கிலீஷ் கண்ணாடியைக் கழற்று என்று நான் சொன்னால் மட்டும் “ஆச்சிக்குத் தமிழ் வெறி” என்கிறீர்கள்!

1605-இல் வெளிவந்த தொன் கிஹோத்தே நாவலின் தொடக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். கதாநாயகர் என்ன சாகசம் செய்தார் என்று செர்வாந்தேஸ் ஆரம்பிக்கவில்லை. அவர் வீட்டில் எந்தக் கிழமை என்ன சாப்பாடு என்று சொல்கிறார். வெள்ளிக்கிழமை பருப்பு, ஞாயிற்றுக்கிழமை கூடுதலாகப் புறாக்குஞ்சு. வருமானத்தில் முக்கால் பங்கு இதற்கே கரையும் என்கிறார். அந்த வாரச் சாப்பாடு முழுவதையும் ஒரே ஒரு வினை தாங்குகிறது, அதுவும் நம் ‘ஈயான்’ வடிவத்தில். ஒரு மனிதரை அறிமுகப்படுத்த அவர் ஒரு நாள் செய்ததைச் சொல்வதைவிட வழக்கமாகச் செய்வதைச் சொல்வது மேல் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எழவு வீட்டில் உட்கார்ந்து பேசுகிற நமக்கும் தெரியும். “அவுக யாரையும் சாப்பிடாம அனுப்ப மாட்டாக” என்றுதானே பேச்சு தொடங்கும்?

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். மேலே சொன்னதெல்லாம் இதைச் சொல்வதற்கான தைரியம் வரத்தான்.

1994 என்று நினைவு. ஒன்பதாம் வகுப்பு ‘பி’. ‘என் அப்பா’ என்று இங்கிலீஷில் கட்டுரை கொடுத்தேன். ஒரு பிள்ளை, பேர் வேண்டாம், இதைப் படித்தால் அவளுக்கே தெரியும், இப்படி எழுதியிருந்தாள்: ‘மை ஃபாதர் வில் கம் எவ்ரி சாட்டர்டே. ஹீ வில் பிரிங் அல்வா. ஹீ வில் சிட் ஆன் தி ஸ்டெப் அண்ட் கால் மை நேம்.’ நான் மூன்று ‘வில்’லையும் சிவப்பில் அடித்து, மேலே ‘கம்ஸ், பிரிங்ஸ், சிட்ஸ்’ என்று எழுதினேன். வகுப்பில் அதை வாசித்தும் காட்டினேன். “வருவார், வருவார்னு அடுத்த வருஷத்துக் கதையா எழுதறே?” என்று கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மணி அடித்தபிறகு அவள் மேஜைக்கு வந்தாள். “அப்பா இப்ப இல்லை டீச்சர்” என்றாள். லாரி ஓட்டுகிறவர், முந்தின வருஷம் இறந்துபோயிருக்கிறார். எனக்குத் தெரியாது. அப்போது நான் செய்ததுதான் இன்னும் உறுத்துகிறது. “ஓ, அப்படியா, அப்போ இறந்தகாலம்” என்று சொல்லி, என் திருத்தத்தையே திருத்தினேன். ‘கேம், பிராட், சாட்’. அவள் பேசாமல் வாங்கிக்கொண்டு போய், நல்ல நோட்டில் நான் சொன்னபடியே எழுதிக் கொண்டுவந்தாள். அப்பா வந்தார், அல்வா கொண்டுவந்தார், படியில் உட்கார்ந்தார். ‘வெரி குட்’ போட்டேன்.

அந்தப் பிள்ளை எழுத வந்தது அதுவா? “சனிக்கிழமை தோறும் அப்பா வருவார், அல்வா கொண்டுவருவார், படியில் உட்கார்ந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்.” அவள் மனதில் இருந்த தமிழ் அது. அதில் பிழை ஒன்றுமில்லை. ‘வில்’ என்பதை ‘வுட்’ என்று மாற்றியிருந்தால் நல்ல இங்கிலீஷ் ஆகியிருக்கும். பழைய வழக்கத்தைச் சொல்ல அந்த மொழி வைத்திருக்கும் அழகான வழிக்கு ஒரு படி கீழே வந்து நின்றிருந்தாள் அவள். நான் கைகொடுத்து ஏற்றாமல் படியிலிருந்து இறக்கிவிட்டேன். சனிக்கிழமை தோறும் வந்த அப்பாவை ஒரே ஒரு சனிக்கிழமை வந்த அப்பாவாக ஆக்கிவிட்டேன்.

எனக்கு ‘வுட்’ தெரியாதா? தெரியும். பத்தாம் வகுப்பில் நடத்துகிற பாடம் அது என்று ஒதுக்கி வைத்திருந்தேன். என்னிடமும் ஒரு தாள் இருந்தது. அந்தத் தாளில் தமிழுக்கு இடமில்லை. “தமிழில் என்ன சொல்ல வந்தே?” என்று கேட்பது இங்கிலீஷ் வகுப்பில் தோல்வி என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நானும் உங்களுக்கு அதையே செய்தேன். என் வகுப்பில் தமிழில் பேசினால் ஒரு ரூபாய் அபராதம் வாங்கியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

டெக்சாஸில் இருக்கிற முகம் தெரியாத அந்த ஆசிரியையிடம் பள்ளி கொடுத்த தாள் மோசம். ஆனால் அவர் சிவப்பு மையில் ஒரு கேள்வி எழுதினார். “ஒரு தடவையா, வழக்கமாகவா?” நான் கேட்காத கேள்வி அது. பேத்தியின் நோட்டில் அதைப் பார்த்தபோது எனக்கு அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் முகம்தான் வந்தது. இரண்டு நாள் தூக்கம் இல்லை.

உங்களில் எத்தனையோ பேர் இன்றைக்கு ஆசிரியர்கள். அதைவிட அதிகம் பேர் அம்மா அப்பாக்கள். பிள்ளைகள் ஸ்பானிஷோ பிரெஞ்சோ இங்கிலீஷோ எதையோ படிக்கட்டும். எழுதியது தப்பாக இருந்தால் அடிப்பதற்கு முன், “இதைத் தமிழில் சொல்லு” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சில சமயம் தமிழ் உதவும், சில சமயம் உதவாது. உதவாவிட்டாலும் பிள்ளை என்ன சொல்ல வந்தது என்பதாவது உங்களுக்குத் தெரியும். அது தெரியாமல் திருத்துவது திருத்தமே இல்லை.

பேத்தி கட்டுரையைத் திரும்ப எழுதிக் கொடுத்தாள். ‘மி அபுவேலோ மே கொன்தாபா குவென்தோஸ்.’ தாத்தா கதை சொல்லுவார். ஏழு வட்டமும் போயிற்று. எட்டாவது வாக்கியத்தில் ஒரு சந்தேகம் கேட்டாள். “தாத்தா கடைசியா போன்ல பேசினப்ப என் பேரைச் சொன்னாங்க. அதுக்கும் ஆபா போடணுமா ஆச்சி?” வேண்டாம் கண்ணு, அது ஒரு தடவைதான் என்றேன்.

அன்றைக்கு ‘வில்’ எழுதிய அந்தப் பிள்ளைக்கு: இதைப் படித்தால் கீழே எதுவும் எழுத வேண்டாம், எல்லாரும் பார்ப்பார்கள். வீடு அதே வீடுதான், போன் நம்பரும் பழையதுதான். உன் அப்பா சனிக்கிழமை என்னென்ன செய்வார் என்று ஒரு நாள் வந்து சொல்லு. இந்தத் தடவை நான் குறுக்கே பேச மாட்டேன்.

மற்றவர்கள் அபராதம் கட்டிய ஒரு ரூபாயைத் திரும்பக் கேட்டு வரலாம். காபியும் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் இங்கிலீஷ் டீச்சர்